சுத்துக்கு 57 ரூபாய்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பால் கணக்கு, கேஸ் பதிந்த தேதி, பையனின் டியூஷன் நேரம் ஆகியவற்றோடு ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டியிருக்கிறது. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் அகலம். சுற்றுகள் 14, சராசரி நேரம் 42.3 வினாடி, இடம் 8 என்று அதில் அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே யாரோ பேனாவால் "எட்டுப் பேரில்" என்று சேர்த்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, என் மனைவிதான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது அதைப் படித்துவிட்டு, ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவு என்று நினைத்துக்கொண்டு, "இப்ப பரவால்லீங்களா?" என்று என்னை விசாரிக்கிறார்கள்.

நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். வயது 47, எடை 88 கிலோ. 22 வருஷமாக அடுத்தவர் செலவைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிறேன். சேல்ஸ் ஆட்கள் கொண்டுவரும் டீ பில்லில்கூடத் தேதி திருத்தியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிஷத்துக்கு 800 ரூபாய் கொடுத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறேன் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"கார்ட் ஓட்டப் போறேன்" என்று முதன்முதலாகச் சொன்னபோது அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. கார்ட் என்றால் வண்டி, பந்தயத்தில் ஓடுகிற வண்டி என்றால் உடுமலைப் பக்கத்தில் பிறந்தவருக்கு ஒன்றே ஒன்றுதான்: ரேக்ளா. அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, காங்கேயம் காளை ஜோடி வைத்து 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஊர் ஊராக ஓட்டியவர். காளைகள் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் முட்டையும் சாப்பிட்டன. பாட்டி மிச்சத்தைச் சாப்பிட்டார். ஜெயித்து வந்தது ஒரு பித்தளை அண்டா, போனது ரெண்டு ஏக்கர் தோட்டம். அந்த அண்டா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெந்நீர் போடலாம் என்றால் அம்மா விடமாட்டார். "ரெண்டு ஏக்கரு சாமி அது, அடுப்புல வெக்காத" என்பார்.

இது மாடு இல்லை அம்மா, எஞ்சின் வைத்த குட்டிப் பந்தய வண்டி என்று விளக்கினேன். "எஞ்சின் என்ன திங்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வண்டியில் உட்காருவதற்கு முன்பே இந்த விளையாட்டின் சாரத்தைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

கோயமுத்தூர்க்காரனுக்கு இந்த வியாதி வர ஊரும் ஒரு காரணம். இங்கே மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டி, பணக்காரர்களின் விளையாட்டை ஓரளவாவது கீழே இறக்கிப் பார்த்தவர். 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர். அவருடைய அப்பாவே ராலி வீரர். 2005-இல் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் டயர்ப் பிரச்சினையால் 14 வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஆறே வண்டிகள் ஓடின. நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். இதை நான் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. "ஆறுல நாலு, சரி. நீங்க எட்டுல எட்டு" என்றாள் மனைவி. அவளும் பி.காம்.தான்.

போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 53. எனக்கு 47. கணக்குப் பிரிவில் இருப்பவன் இந்தக் கழித்தலைப் போடாமல் இருக்க முடியுமா? இன்னும் ஆறு வருஷம் கையில் இருக்கிறது என்று பேலன்ஸ் காட்டியது. அந்த வாரமே கம்பெனியில் ஊழியர்களை ஒரு நாள் உல்லாசமாக வெளியே கூட்டிப்போனார்கள். விதி என்றால் இதுதான். வழக்கமாக ஆழியாறு அணைக்குத்தான் கூட்டிப்போவார்கள். இந்த முறை கார்ட் மைதானம்.

ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கும் ஒரு குடோனுக்கும் நடுவே, சுமார் 450 மீட்டர் தடம். பழைய டயர்களை அடுக்கி வேலி கட்டியிருந்தார்கள். வாடகை வண்டிகள் வரிசையாக நின்றன. பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். நாலு ஸ்ட்ரோக், 200 சிசி எஞ்சின். இந்த ஜாதி எஞ்சினை எனக்கு நன்றாகத் தெரியும். ஜெனரேட்டருக்கும், வாய்க்காலில் தண்ணீர் இறைக்கவும் மாட்டுவார்கள். வாரம் ஆறு நாள் பம்ப்செட்டுக்குக் கணக்கு எழுதிவிட்டு ஏழாவது நாள் காசு கொடுத்துப் பம்ப்செட் மேலேயே ஏறி உட்காருவதா என்று ஒரு கணம் தோன்றியது.

ஆனால் இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்று பந்தய கார் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், வேலை முடிந்த நேரத்தில் நாலு இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை அதில் மாட்டி ஓட்டினார். அதுதான் உலகத்தின் முதல் கார்ட். இன்றைய பெரும் பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு வகையில் அந்தப் புல்வெட்டும் எஞ்சினின் வாரிசுகள். அந்த மரியாதையோடு நான் உட்காரப் பார்த்தேன். இருக்கை என்னை ஏற்றுக்கொள்ள மறுத்தது. ஃபைபரில் வார்த்த இருக்கை அது, ஒரு குறிப்பிட்ட இடுப்பை மனதில் வைத்துச் செய்தது. ரெண்டு பையன்கள் தோளைப் பிடித்து, சாக்கில் பஞ்சு திணிப்பதுபோல என்னை உள்ளே இறக்கினார்கள்.

தரைக்கும் நமக்கும் ரெண்டு விரற்கடைதான் இடைவெளி. காரில் போகும்போது சாலை என்பது எங்கேயோ கீழே இருக்கிற விஷயம். இங்கே அது மடிக்கடியில் ஓடுகிறது. முதல் நேர்க்கோட்டில் மிதித்தபோது 120 கிலோமீட்டர் வேகம் என்று சத்தியம் செய்திருப்பேன். கண்ணில் நீர், காதில் இரைச்சல், வாயில் குலதெய்வம். பிறகு சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 450 மீட்டர், 42.3 வினாடி. சராசரி மணிக்கு 38 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் கீரைக்கட்டு தொங்கும் மொபெட்டுகள் இதைவிட வேகமாகப் போகின்றன.

முதல் திருப்பம் வந்தது. காரில் வலது கால் ஒன்றே பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் போய் வரும். கார்ட்டில் ரெண்டு காலுக்கும் நடுவே ஸ்டியரிங் தண்டு இறங்குகிறது. எனவே இடது கால் பிரேக்குக்கு, வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு. என் இடது கால் 25 வருஷமாகக் கிளட்சை மட்டுமே மிதித்து வாழ்ந்த கால். பழக்கத்தில் அடியோடு மிதித்துவிட்டது. இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் ரெண்டும் ஒருசேரப் பூட்டிக்கொண்டன. நான் திருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கணம் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த கணம் டயர் வேலியில் சாய்ந்திருந்தேன். ரிவர்ஸ் கியர் எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. மார்ஷல் பையன் ஓடிவந்து, முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தப் பார்த்து, என்னைப் பார்த்து, இன்னொரு பையனைக் கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு நீலக்கொடி காட்டினான். முதல் தடவை விழுந்தவனுக்கு ஆறுதல் சொல்கிறான்போல என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். மறுபடி காட்டினான், மறுபடி ஆட்டினேன். இறங்கின பிறகுதான் சொன்னார்கள்: பின்னால் வேகமாக வருகிறவர் இருக்கிறார், வழி விடு என்று அர்த்தமாம். டெஸ்பாட்ச் பிரிவு அண்ணன் என்னை மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவர் அவர்.

அன்றோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பத்து நிமிஷமும் ஜி.எஸ்.டி. தாக்கல், வீட்டுக் கடன் தவணை, மாடித் தொட்டி ஒழுகல், எதுவுமே மண்டைக்குள் வரவில்லை. செல்போன் லாக்கரில் கிடந்தது. 22 வருஷத்தில் என்னை யாரும் கூப்பிட முடியாமல் இருந்த முதல் பத்து நிமிஷம் அது. இது தியானத்தில் கிடைக்கும் என்கிறார்கள். தியானத்தில் எனக்குத் தூக்கம்தான் கிடைத்திருக்கிறது.

அடுத்த நாள் காலை விலை தெரிந்தது. பல் தேய்க்கப் பேஸ்ட்டை அமுக்கினேன், விரல் மடங்கவில்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பத்து நிமிஷம் பிடித்ததற்கு முன்கை தேங்காய் மாதிரி இறுகிப்போயிருந்தது. வண்டிக்கு ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. சட்டத்தின் குழாய்களே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மிச்ச வளைவை ஓட்டுகிறவன் விலா எலும்பு கொடுக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு முடிந்து தும்மியபோது இடது விலாவில் மின்னல் அடித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். உடையவில்லை, கன்றிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "வெளையாடும்போதுங்க" என்றாள். டாக்டர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

ஏன் எட்டாவதாகவே வருகிறேன் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மூளை இல்லாதவன்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பான், கணக்குப்பிள்ளை முதலில் படிப்பான். நான் ரெண்டையும் செய்தேன். கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரத்துக்குக் குறைவு. அதற்காகக் காரில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கும். கார்ட்டில் அது இல்லை. பின்சக்கரம் ரெண்டும் ஒரே அச்சில் இறுகிப்போய் ஒரே மாதிரிதான் சுற்றும். நம் கோனியம்மன் தேர் ராஜ வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது லேசில் திரும்பாது; கட்டை கொடுத்து, நெம்பி, சக்கரத்தைத் தேய்த்துத்தான் திருப்ப வேண்டும். கார்ட்டும் அந்தத் தேர் மாதிரிதான், நேராகப் போகவே ஆசைப்படும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உள்பக்கப் பின்சக்கரம் மயிரிழை தரையைவிட்டு எழும்ப வேண்டும். எழும்பினால் மூன்று சக்கரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். நல்ல ஓட்டுனர் அந்தச் சக்கரத்தைத் தேவையான அளவு எழுப்பி, தேவையான நேரத்தில் இறக்குகிறார். என் வண்டியில் அது எழும்புவதற்கு முன் ஒரு முறை என் எடையை யோசிக்கிறது.

எடை விஷயத்தில் ஓர் அநியாயமும் உண்டு. முறையான பந்தயங்களில் வண்டியும் ஆளும் சேர்த்துக் குறைந்தபட்சம் இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று விதி. ஒல்லியானவர்களின் இருக்கையில் ஈயக் கட்டிகளை போல்ட் போட்டு முடுக்கிச் சரிசெய்வார்கள். வாடகைத் தடத்தில் அதெல்லாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. 54 கிலோ இருக்கும் பையன்கள் காற்றாடி மாதிரி போகிறார்கள். நான் என் ஈயத்தை நிரந்தரமாக வயிற்றில் முடுக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். எடையைக் குறைக்கலாமே என்பீர்கள். போன வருஷம் ஜிம்முக்கு 9,000 ரூபாய் சந்தா கட்டி நாலு நாள் போனேன். நாளுக்கு 2,250. அதற்கு இது மலிவு.

குறைக்க முடியாதவன் வாங்க ஆரம்பித்தேன். மைதானத்து ஹெல்மெட்டில் பல தலைகளின் வாசம் இருந்தது, ஆகவே சொந்த ஹெல்மெட். கை கொப்புளித்தது, ஆகவே கையுறை. இதுவரை தப்பில்லை. பிறகு ஒரு ராத்திரி, புத்தி தூங்கிவிட்ட நேரத்தில், யாரோ பயன்படுத்திய பந்தய உடுப்பு ஒன்றை ஆன்லைனில் 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். சிவப்பு நிறம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே தையல், நெஞ்சில் நான் கேள்விப்படாத ஆயில் கம்பெனிகளின் பெயர்கள். ஜிப் தொப்புள்வரை ஏறி, அங்கேயே சாலை மறியல் செய்தது. மூச்சை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். "ஏன் கண்ணு, பம்ப்செட் கம்பெனி வேலைய விட்டுப்போட்டு கேஸ் சிலிண்டர் போடப் போறியா?" அந்த உடுப்பு இப்போது பீரோவின் மேல்தட்டில், அண்டாவுக்குள் இருக்கிறது. ரெண்டு தலைமுறைச் செலவும் ஒரே இடத்தில்.

நாலு மாதம் கழித்து நோட்டைக் கூட்டினேன். பதினோரு தடவை ஓட்டியதற்கு 8,800. ஹெல்மெட் 5,500. கையுறை 1,900. உடுப்பு 7,000. எக்ஸ்ரேயும் டாக்டரும் 1,450. வலித்தைலம், ஸ்ப்ரே 620. அப்பாவை வேடிக்கை பார்க்க வந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் வழியில் பிச்சுப்போட்ட பரோட்டா, ஐஸ்கிரீம் வகையில் 9,340. ஆக மொத்தம் 34,610. இதில் ஓட்டியதற்கு ஆனது நாலில் ஒரு பங்குதான். மிச்சம் 25,810 ரூபாய், ஓட்டாமல் இருந்த நேரத்துக்கு. அடுத்தவர் வவுச்சராக இருந்திருந்தால் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருப்பேன்.

புதிதாக வருகிறவருக்கு இந்த நோட்டை வைத்து ஒன்று சொல்லத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்: வாடகை வண்டியில் பத்து தடவையாவது ஓட்டும்வரை ஒரு குண்டூசிகூட வாங்காதீர்கள். விதிவிலக்கு ஒன்று, விலாவுக்குப் போடுகிற கவசச் சட்டை. அதை நான் வாங்கவில்லை. உடுப்பு வாங்கின காசில் நல்லதாகவே வாங்கியிருக்கலாம். எக்ஸ்ரே செலவும் மிச்சம்.

இவ்வளவுக்கும் நான் கரையோரத்தில் கால் நனைத்தவன்தான். ஆழம் எவ்வளவு என்று காட்டியவர் திருப்பூர்க்காரர் ஒருவர். பனியன் கம்பெனி நடத்துகிறார். அவர் பையனுக்குப் பதிமூன்று வயது, ஜூனியர் பிரிவில் நிஜமான பந்தயம் ஓட்டுகிறவன்; சொந்த வண்டி பழுதில் கிடக்கும் ஞாயிறுகளில் கை மறக்காமல் இருக்க எங்கள் வாடகை வண்டிகளில் ஓட்டுவான். 35 வினாடியில் ஒரு சுற்றை முடிப்பான். நான் நீலக்கொடியின் அர்த்தத்தை முழுமையாக உணர்ந்தது அவனால்தான்.

அவன் ஓடிக்கொண்டிருக்க, நானும் அவரும் கம்பிவலைக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். கார்ட் சொந்தமாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"அதையேனுங்க கேக்கறீங்க. வாங்கறது பெருசில்லீங்க. அது சேலை எடுக்கற மாதிரி. அதுக்கப்புறம் கல்யாணமே இருக்குது."

எஞ்சின் ஆஸ்திரியாவில் செய்கிற ரோடாக்ஸ், 125 சிசி, ரெண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். யாரும் உள்ளே கைவைத்து வேகம் கூட்டிவிடாதபடி சீல் வைத்திருப்பார்கள். ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தரம் பிரித்துச் சரிபார்க்க, சீலை உடைக்க அதிகாரம் பெற்றவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். டயர் ஒரு செட் ஒரு பந்தய வாரத்துக்கு மேல் தாங்கினால் அதிர்ஷ்டம். சட்டம் ஓட ஓடத் துவண்டுபோகும், கண்ணுக்குத் தெரியாது, நேரத்தில் தெரியும். பையனுக்கு வயது பதிமூன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இடுப்பு வளர்கிறது, ஒவ்வொரு தரமும் இருக்கையை மாற்ற வேண்டும். மெக்கானிக் சம்பளம், பெங்களூருக்கு வண்டி ஏற்றிப்போகிற வாடகை, ரூம், நுழைவுக் கட்டணம். சொல்லிக்கொண்டே போனார். ஒரு சீசனுக்கு லட்சம் ஒற்றை இலக்கத்தில் நிற்காது என்றார். அன்னூர் பக்கம் ஒரு சைட் விற்றிருக்கிறார்.

"மொத்தமா இதுவரைக்கும் எத்தனைங்க ஆயிருக்கும்?" என்றேன்.

"கணக்கு எழுதறதில்லீங்க. எழுதுனா நின்னு போயிரும்."

என் தொழில்வாழ்க்கையில் இவ்வளவு மோசமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கண் வலைக்கு அந்தப்பக்கமே இருந்தது. பையன் ஒவ்வொரு முறை தாண்டும்போதும் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார். நீங்கள் ஓட்டிப் பார்த்ததில்லையா என்றேன். "நானா? எனக்குத் தலை சுத்துமுங்க" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது, எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நியாயப்படுத்தினேன். மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா கொத்தனார் வேலை பார்த்தவர், கெர்ப்பன் ஊர் கார்ட் மைதானத்தைப் பார்த்துக்கொண்டார், அம்மா அங்கேயே கேன்டீனில் வேலை பார்த்தார், அப்படித்தான் பையன் ஏழு தடவை உலகச் சாம்பியன் ஆனான் என்றேன்.

"நான் அங்க வந்து போண்டா சுடமாட்டேன்" என்றாள் மனைவி.

நோட்டை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஆடிட்டர் அவள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உடுப்பு வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த சீட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, பத்து நிமிஷத்துக்கு 800. நீங்க அதுல 14 சுத்து சுத்தறீங்க. அப்ப சுத்துக்கு 57 ரூபா."

"ஆமா."

"அந்தத் திருப்பூர்ப் பையன்?"

"35 செகண்டு. பதினேழு சுத்து."

மனக்கணக்குப் போட்டாள். "அவனுக்குச் சுத்து 47 ரூபாய்க்கு விழுகுது. உங்களுக்கு 57. ஒரே கடை, ஒரே சரக்கு, நீங்க பத்து ரூபா சேத்திக் குடுத்து வாங்கிட்டு வர்றீங்க."

நாலு மாதமாக இந்த விளையாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெளிவு, சுழிவு, அச்சு, எடை எல்லாம் தெரியும். மெதுவாகப் போனால் விலை கூடும் என்ற ஒன்று என் கண்ணில் படவில்லை. மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சம் என்றே வளர்ந்தவன். பொறுமையாக ஓட்டியதன் மூலம் நான் இதுவரை நஷ்டப்பட்டிருக்கிறேன் என்பது புதுத் தகவல்.

"நிறுத்திடட்டுமா?" என்றேன்.

"எதுக்குங்க நிறுத்தறது? ஹெல்மெட் வாங்கியாச்சு. பேரம் படியலன்னா கடைய மாத்துவாங்களா, பேரத்த மாத்துவாங்களா? வேகமா ஓட்டுங்க."

அடுத்த ஞாயிறு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். திருப்பூர்ப் பையன் எனக்கு அன்று ஒரு யோசனை சொன்னான். நான் கேட்கவில்லை, தன் வழியில் நான் நிற்பதைத் தாங்க முடியாமல் அவனாக வந்து சொன்னது. "அங்கிள், திரும்பறதுக்கு முன்னாடியே நேர் ரோட்லயே பிரேக்க அடிச்சு முடிச்சிருங்க. திரும்பும்போது தொடவே தொடாதீங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மிதிங்க." பதிமூன்று வயசு. என் மேனேஜர் 22 வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் 57, 57 என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. முன்கூட்டியே பிரேக்கை அடித்து, விட்டு, திருப்பினேன். ஒரே ஒரு திருப்பத்தில், குடோன் பக்கத்து வளைவில், பின்னால் இடதுபக்கம் ஏதோ லேசாக இருந்தது. சத்தம் மாறியது. தேர் தானாகத் திரும்பிற்று. அது எழும்பிய சக்கரமா, அல்லது தடத்தில் கிடந்த கூழாங்கல்லா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நீலக்கொடி அன்றைக்கு ரெண்டே தடவைதான். இரண்டு முறையும் கை ஆட்டாமல் வழி விட்டேன்.

சீட்டு வந்தது. சராசரி 40.9. இடம் 7. எனக்குப் பின்னால் ஒருவர்! முதல்முறை வந்தவர், பாதியில் வாந்தி வருகிறது என்று இறங்கிவிட்டாராம். அது அவர் சொந்த விஷயம். சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்றவளிடம் ஓடினேன். விலாவைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

அவள் இடம் என்ற வரியைப் பார்க்கவே இல்லை. மேல் வரியில் விரல் வைத்தாள்.

"ஒண்ணே கால் செகண்டுக்கு மேலயே கொறஞ்சிருக்குது. ஆனா சுத்து அதே பதினாலுதானுங்களே."

"முடிவுக் கொடி காட்டும்போது பதினஞ்சாவது சுத்துல பாதிக்கு மேல வந்துட்டேன்."

"பாதிச் சுத்துக்கு யாரு பில்லுப் போடறாங்க? நாப்பதுக்கு வந்தாத்தான் பதினஞ்சு. அப்பத்தான் 53 ரூபா ஆகும்." நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள். "இன்னும் நாலு ரூபா வெளிய நிக்குது."

பக்கத்தில் திருப்பூர்க்காரர் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக, எதையும் எழுதாமல் நின்றுகொண்டிருந்தார். பையன்கள் அடுத்த ஆட்களை வண்டிகளுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டி காலியாக இருந்தது, வாந்தி எடுத்தவருடையது.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து நாலு இருநூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி எடுத்தாள்.

"போங்க. நாலு ரூபாய யாராச்சும் விடுவாங்களா?"